கொடி ஏறாத வருஷம்

அன்றைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் நின்றவர்கள் இவர்கள்.

பெரிய மாஸ்டர். வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார். டீச்சர். துரை. கிளாக்கர் ஐயா. தோட்டத்துச் சங்கத் தலைவர். தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப் டிரைவர், அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை, அவரைச் சேர்ப்பதா விடுவதா தெரியவில்லை. வேலி ஓரத்தில் அப்பா, கையில் ஒரு துணிப்பை. பிள்ளைகள் நீங்கள் எல்லாரும், வரிசையாக, சின்ன வகுப்பு முன்னால், நம்ம வகுப்பு கடைசியில். கம்பத்தடியில் நான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அம்மா வரவில்லை. அண்ணன் வரவில்லை. கொடியும் வரவில்லை.

போன மாதம் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்ம வகுப்பில் படித்த ஒருத்தியைக் கண்டேன். அவளுக்கும் நரைத்துவிட்டது. முட்டிவலி, மாமியார் கதை எல்லாம் பேசிவிட்டு, "ஏன்டி, அந்த அம்பதாவது வருஷம் நம்ம ஸ்கூல்ல மட்டும் ஏன் கொடி ஏத்தல?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். நான் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம தோட்டம் ரப்பர் தோட்டம். யட்டியாந்தோட்டை பஸ்ஸில் இறங்கி மேலே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பெப்ரவரி வந்தால் மரமெல்லாம் இலை கொட்டும். கொட்டுவதற்கு முந்தி இலை சிவப்பாகும், மஞ்சளாகும். பால் குறைந்துவிடும். பால் வெட்டுவதற்கு மரம் இல்லாமல் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வீட்டு வரிசையான லயத்து வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில்தான், நாலாந் திகதி, சுதந்திர தினம் வரும்.

அதற்கு நாம் ஒரு வாரம் வேலை செய்வோம். உங்களுக்கு நினைவிருக்கும். முற்றத்து இலையைக் கூட்டி அள்ளுவோம், அள்ளிவிட்டுத் திரும்பினால் மறுபடி கிடக்கும். கம்பத்தைச் சுற்றிக் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடிப்போம். தென்னை ஓலையில் தோரணம். கொடியைச் சுருட்டி, உள்ளே பூ இதழ் போட்டு, ஒரு முடிச்சுப் போட்டு மேலே ஏற்றி வைப்பார் மாஸ்டர். கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து பூக்கொட்ட வேண்டும். பிறகு தேசிய கீதம், தமிழில். பிறகு துரை பங்களாவிலிருந்து வந்த பாற்சோறு, வாழை இலைத் துண்டில் ஆளுக்கு ஒரு கட்டி. ஒரு பனிஸ் ரொட்டி. அதோடு முடிந்தது.

மாஸ்டர் வருஷா வருஷம் ஒரே பாடம் சொல்வார். வெள்ளைக்காரன் தன் கொடியை இறக்கினான், நாம் நம்ம கொடியை ஏற்றினோம். சிங்கம் சிங்களவர்களுக்கு. பச்சைக் கோடு முஸ்லிம்களுக்கு. ஆரஞ்சுக் கோடு தமிழர்களுக்கு. "நம்ம கோடு எது?" என்று பிரம்பைத் தட்டிக் கேட்பார். "ஆரஞ்சு" என்று கத்துவோம். லயம் வரைக்கும் கேட்கும்.

அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் சுதந்திரம் கிடைத்த வருஷம் பிறந்தவர். "அதுவும் நானும் ஒரே வயசு. அது பொறந்த கையோட நம்ம ஆளுங்க ஓட்டைப் புடுங்கிருச்சு. நான் அப்ப தொட்டில்ல கெடந்தேன், ஒண்ணும் செய்ய முடியல" என்பார். ஐம்பதாவது வருஷம் என்பதால் ஐம்பது வயது ஆள் ஒருவர் விளக்கில் ஒரு திரி ஏற்ற வேண்டும் என்று மாஸ்டர் நினைத்தார். அப்பாவைத்தான் கேட்டார். அப்பா வெளியில் கேலி பேசினாலும் வேட்டியை வெளுத்துக் கஞ்சி போட்டு வைத்துவிட்டார். கயிறு இழுக்க என்னைப் பிடித்தார் மாஸ்டர். நான்தான் வகுப்பில் உயரம்.

ஜனவரியில் அலுமாரியைத் திறந்து கொடியை எடுத்தபோது மண் கொட்டியது. கறையான். சிங்கத்துக்குத் தலை இல்லை. சுற்றியிருந்த சிவப்பு சல்லடை மாதிரி. மஞ்சள் ஓரம் பாதிதான் இருந்தது. பச்சைக் கோட்டிலும் ஆரஞ்சுக் கோட்டிலும் மட்டும் ஒரு ஓட்டை இல்லை. அது வேறு துணி, தடித்தது. கறையானுக்குப் பிடிக்கவில்லை போல.

மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். இந்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடமும் கேட்கிறது, கையிருப்பு இல்லை என்று பதில் வந்தது. அம்மாவுக்குக் கைத்தையல் நன்றாக வரும். கோயிலில் சாமிக்குத் துணி அம்மாதான் தைப்பாள். "குடுங்க மாஸ்டர், நான் தச்சுத் தர்றேன். சிங்கத்தை மட்டும் நீங்க வரைஞ்சு குடுங்க" என்று வாங்கி வந்தாள்.

அன்று மத்தியானமே பிளேடால் தையலைப் பிரித்தாள். பச்சையும் ஆரஞ்சும் தனியாக வந்தன. சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டாள். புதுத்துணி மாதிரி ஆகிவிட்டது.

"டவுன்ல முஸ்லிம் காக்கா கடையில துணி எடுத்துட்டு வரவா?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கு? பெரியவன் இருக்கறதே துணிக்கடையில. வெட்டுத்துண்டு எவ்வளவோ கெடக்கும்னு அவனே சொன்னான்ல. ஏய், பாப்பா, கொப்பியைக் கொண்டு வா. அண்ணனுக்கு எழுது."

அண்ணன் கொழும்பில் வேலை. பத்தொன்பது வயது. கடையிலேயே படுத்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் எனக்கு ரிப்பன் கொண்டு வருவார்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். கொடிக்குத் துணி வேண்டும். சிவப்பு ஒன்றரை மீட்டர். மஞ்சள் முக்கால் மீட்டர்.

"பச்சையும் ஆரஞ்சும் எழுதட்டாம்மா?"

"அதான் நம்மகிட்ட இருக்கே. வீணா எதுக்கு? சிவப்பும் மஞ்சளும் மட்டும் போதும்னு எழுது. நல்லா வெளங்குற மாதிரி எழுது. இல்லாட்டி அவன் எல்லாத்தையும் தூக்கிட்டு வருவான்."

விளங்குகிற மாதிரி எழுதினேன். சிவப்பும் மஞ்சளும் மட்டும் போதும், வேறு கலர் வேண்டாம், நாலாந் திகதிக்கு முந்திக் கிடைக்க வேண்டும். கொடியில் இருப்பது சிவப்பு இல்லை, மெரூன். அந்தச் சொல் எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடம் என்ற சொல் தெரியும். அதை நான் எழுதவில்லை. நம்ம வீட்டில் கொடி என்றால் பள்ளிக்கூடக் கொடிதானே. வேறு ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கடைசியில் ஒரு வரி அம்மா சொல்லாமல் நானாக எழுதினேன். யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாங்க. நான் கயிறு இழுப்பதை அண்ணன் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அந்த மாதக் கடைசியில் கண்டியில் குண்டு வெடித்தது, புலிகள் வைத்தது என்றார்கள். பெரிய விழா கண்டியில் நடக்க இருந்தது, அதைக் கொழும்புக்கு மாற்றிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. கடை வீதியில் ஆட்கள் நம்மிடம் பேசுவதைக் குறைத்தார்கள். எங்கே பார்த்தாலும் செக்கிங். அண்ணனுக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. தோட்டத்துக் கடிதம் ஒன்று மட்டும் வைத்திருந்தார்.

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். "டவுனுக்குப் போயி ஒரு போன் எடுங்க. வர வேணாம்னு சொல்லிருங்க. துணி கெடக்குது, காக்கா கடையில வாங்கிக்கிருவோம்."

"அட, நீ ஒருத்தி. அவன் குண்டா கொண்டு வர்றான்? நாட்டுக் கொடிக்குத் துணி கொண்டு வர்றான். கொடித்துணி கொண்டு வர்றவனை எவன் புடிப்பான்? புடிச்சாலும் இன்னதுக்குன்னு சொன்னா சலூட் அடிச்சு அனுப்புவான்."

அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. அந்தத் துணி அவரைப் பாதுகாக்கும் என்றே நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

மூன்றாம் திகதி மத்தியானத்திலிருந்து ரோட்டில் நின்றேன். மாஸ்டர் வரைந்த சிங்கம் கடதாசியில் வீட்டில் இருந்தது. அம்மா ஊசியில் நூல் கோத்து வைத்திருந்தாள். வெட்டி ஒட்டுத் தையல் போட ஒரு ராத்திரி போதும் என்றாள். ரெண்டு மணி பஸ் வந்தது. நாலு மணி பஸ் வந்தது. இலை கொட்டிக்கொண்டே இருந்தது, தலையில், தோளில். ஆறு மணி பஸ்தான் கடைசி. அதிலிருந்து துரை பங்களா சமையல்காரர் மட்டும் இறங்கினார். ஒரு கோழி வைத்திருந்தார்.

"என்னா பாப்பா, மாப்பிள்ளைக்கா நிக்கிற?" என்று கேட்டார்.

"லீவு கெடச்சிருக்காது. காலையில மொத பஸ்ல வருவான்" என்றார் அப்பா. காலை முதல் பஸ்ஸிலும் வரவில்லை.

இனி முற்றம்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வேலியை விட்டு வந்து பையைத் திறந்து காட்டினார். "மாஸ்டர், பச்சையும் ஆரஞ்சும் ரெடியா இருக்குங்க. பையன் இன்னும் வந்து சேரல."

கிளாக்கர் ஐயா பைக்குள் எட்டிப் பார்த்தார். "சிங்கத்தை விட்டுட்டு இதை மட்டும் ஏத்துவமா? நாளைக்கு நம்ம எல்லாரையும் பொலிஸ் ஜீப்புல ஏத்திருவாங்க." யாரோ சிரித்தார்கள். துரை என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கிளாக்கர் ஐயா என்ன சொன்னாரோ, துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடச் சொல்லுங்க" என்றார்.

பாடினோம். வெறும் கம்பம். அதன் உச்சியில் கயிறு ஓடும் வளையம் காற்றில் கிணுகிணு என்று அடித்துக்கொண்டது. துரை கம்பத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார். நான் கயிற்றை விடவில்லை. யாரும் விடச் சொல்லவில்லை. பூ இதழை டீச்சர் கையால் தூவினார். விளக்கு ஏற்றும்போது அப்பாவைக் கூப்பிடவில்லை. சங்கத் தலைவர் ஏற்றினார், அவருக்கு நாற்பது வயது இருக்கும். அப்பா கஞ்சி போட்ட வேட்டியோடு வேலியடியில் நின்றார்.

என் பனிஸை நான் தின்னவில்லை. அண்ணனுக்கு வைத்தேன். மூன்றாவது நாள் அதில் பூஞ்சணம் பிடித்தது. அன்றுதான் பொலிஸிலிருந்து அண்ணனைப் பற்றித் தகவல் வந்தது.

அப்பாவும் சங்கத் தலைவரும் போனார்கள். வந்து அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு கேட்டால் சொல்லமாட்டார். வழியில் ஒரு செக்கிங்கில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். அண்ணன் பையில் சிவப்புத் துணி, மஞ்சள் துணி. சட்டைப் பையில் என் கடிதம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து வாசித்திருக்கிறார்கள். பிறகு அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிவப்பும் மஞ்சளும் யாருடைய கொடிக்கு என்று அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கேட்கவே தேவையில்லை.

அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அங்கே இருந்த பெரிய அதிகாரியிடம் சிங்களத்திலேயே பேசியிருக்கிறார். அவர் கேட்டாராம்.

"நாட்டுக் கொடியில எத்தனை கலர்?"

"நாலுங்க மஹத்தயா."

"இதுல?"

"ரெண்டுங்க."

"மத்த ரெண்டு?"

"வீட்டுல இருக்குங்க."

அவர் சிரித்தாராம். பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

அடுத்த முறை அப்பா பச்சையையும் ஆரஞ்சையும் கையில் கொண்டு போனார். அதற்குள் அண்ணனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது இடத்தில் இருந்தவருக்கு அந்தத் துணியும் தெரியாது, இந்தத் துணியும் தெரியாது. "இதை நேத்து நீ தச்சிருக்கலாமே" என்றாராம்.

பள்ளிக்கூடத்துக்காகத்தான் துணி என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அப்பா மாஸ்டரிடம் போனார், நானும் போனேன். மாஸ்டர் வாசலில் நின்றே பேசினார், உள்ளே கூப்பிடவில்லை.

"நான் அரசாங்க உத்தியோகம். மேலிடத்துல கேக்காம எழுத முடியாது. கொஞ்சம் பொறுங்க."

"நீங்க கேட்டுத்தானே மாஸ்டர் தச்சோம்."

"நான் எங்க கேட்டேன்? உங்க சம்சாரம்தானே குடுங்கன்னு வாங்கிட்டுப் போச்சு."

அது உண்மைதான். அப்பா திரும்பிவிட்டார். ஏழு மாதம் கழித்து, மாற்றலாகிப் போகும்போது, மாஸ்டர் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு மூன்று பிள்ளைகள். இப்போது யோசித்தால் அவர் மேல் கோபம் வரவில்லை. அப்போது வந்தது.

உங்களைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். அண்ணன் புலி என்று உங்கள் வீடுகளில் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து அடுத்த வாங்குக்குப் போனாள். பஸ்ஸடியில் கேட்டவள் அவள்தான். "எங்கம்மா சொல்லிச்சு" என்றாள் அன்றைக்கு. குறையாக எழுதவில்லை. அவள் அம்மாவுக்கும் கொழும்பில் ஒரு மகன் இருந்தான். நான் வருஷ முடிவோடு நின்றுவிட்டேன். அம்மாவோடு மலைக்குப் போய், மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கினேன்.

மறு வருஷம் பெப்ரவரி. சுதந்திர தினத்தில் கைதிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து விடுவார்கள் என்று அப்பா கேள்விப்பட்டார். அதுவும் அந்த விழாவில் ஒரு சடங்கு. கொடி ஏற்றுவார்கள், பேசுவார்கள், சிறைக் கதவைத் திறப்பார்கள். அப்பா அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனார். அண்ணனுக்கு ஒரு சட்டை கொண்டு போனார். நம்ம பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் புதுக்கொடி ஏறியது, மேலிடத்திலிருந்து வந்தது, பளபளப்பான துணி. நீங்கள் பாடியது மலைக்குக் கேட்டது. இலை இல்லாத காட்டில் சத்தம் நன்றாக வரும். அம்மா காதைப் பொத்தவில்லை. ஒட்டுப்பால் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை.

அப்பா சாயந்திரம் வந்தார். சட்டை கையிலேயே இருந்தது. கதவு திறந்ததாம். ஆட்கள் வந்தார்களாம். குடித்துச் சண்டை போட்டவன், தேங்காய் திருடினவன், தண்டம் கட்டாதவன். கடைசி ஆள் வரைக்கும் நின்று பார்த்திருக்கிறார். பிறகு காவலில் நின்றவரிடம் கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனுசனாம், பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்கிறார்.

"குத்தம் செஞ்சு தீர்ப்பு வந்தவனுக்குத்தான் மன்னிப்பாம். நம்ம பையனுக்குத் தீர்ப்பு இல்ல. கேஸே இல்ல. மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

அம்மா சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

அந்த செப்டெம்பரில் விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று கடிதம் இல்லை, ஏன் விட்டார்கள் என்றும் இல்லை. மத்தியான பஸ்ஸில் வந்தார். நான் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. முன்பல் ஒன்று இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. இப்போதும் இருக்கிறார், கீழ் லயத்தில். கொழும்புப் பக்கம் திரும்பப் போகவில்லை. பால் வெட்டினார், இப்போது அதுவும் முடியவில்லை.

அன்றைக்கு என்னிடம் ஒன்று சொன்னார். வாசல் கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒன் கையெழுத்து அழகுன்னு அங்க வாசிச்சவர் சொன்னாரு பாப்பா."

அதற்குப் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. இதுதான்.

அவர் கொண்டு வந்த பையில் ரிப்பன் இல்லை. வாங்கி வைத்திருந்தாராம், எங்கேயோ தவறிவிட்டதாம். துணி இருந்தது. எடுத்ததை எல்லாம் திருப்பித் தந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் ஊக்கால் குத்தி நம்பர் கட்டிய அட்டை தொங்கியது. அம்மா அட்டையை அறுத்து அடுப்பில் போட்டாள். பெட்டியைத் திறந்து பச்சையையும் ஆரஞ்சையும் எடுத்தாள். நாலையும் பாயில் விரித்தாள். தைக்கப் போகிறாளோ என்று பார்த்தேன். அவள் அளக்கும் நாடாவைத்தான் எடுத்தாள். அண்ணன் வெட்டினது சரியா என்று பார்த்தாள்.

சிவப்பு ஒன்றரை மீட்டர். மஞ்சள் முக்கால் மீட்டர்.